விருந்து வைத்த குற்றம்

கிழக்கு வெளுக்கும்போது இந்திசார் மூன்றாவது தொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். அடுப்பின் அனல் ஒரு கன்னத்தைச் சுட்டது. திறந்த கதவு வழியே வந்த மலைக்குளிர் மறு கன்னத்தை அறைந்தது. நாப்லுஸ் பக்கத்து அகதி முகாமில் உதவி நிறுவனம் ஒன்று நடத்தும் ரொட்டிக்கூடம் அது. பதினாறு பெண்கள் பள்ளிகளுக்கு ரொட்டி சுட்டார்கள். கூலி, மாதம் ஆளுக்கு ஒரு மூட்டை மாவும் ஒரு டின் எண்ணெயும். வாசலில் 'சமூக மேம்பாடு' என்று பலகை. ஒடிவது யார் இடுப்பு என்று அதில் எழுதவில்லை.

அவள் கணவன் வஃபீக்குக்குச் சோதனைச்சாவடி தாண்டி வேலைக்குப் போகும் அனுமதி நின்று பதினொரு மாதம். நான்கு பிள்ளைகள். அந்த மூட்டையை நம்பித்தான் வீடு.

மேலாளர் நிஹாத், இனி யார் யாருக்கு வேலையும் மாவும் என்ற புதிய பட்டியலோடு வந்தார். மேட்டுச் சந்துப் பெண்கள் ஆறு பேரின் பெயர் இல்லை. அந்த ஆறில் இந்திசாரும் ஒருத்தி.

யார் வீட்டில் பற்றாக்குறை என்று கணக்கெடுக்கப் போன மாதம் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். வெயிலில் வாடி வந்த விருந்தாளியைச் சும்மா அனுப்புவார்களா? இந்திசார் ஒரு வீட்டில் முட்டையும் ஒரு வீட்டில் ஆலிவும் எதிர்வீட்டில் பாலாடைக்கட்டியும் இரவல் வாங்கித் தட்டை நிரப்பினாள். சாப்பாட்டுக்குக் கஷ்டமா என்று கேட்டதற்கு, அல்லாஹ் புண்ணியத்தில் குறையில்லை என்றாள். தன் வீட்டில் கைநனைப்பவளிடம் எவள் பசியைச் சொல்வாள்? அந்தப் பாலாடைக்கட்டி விருந்தாளிக்கு முன்னே கொல்லைப்பக்கமாக ஓடி, ஆறு வீட்டிலும் அவளை வரவேற்றது.

"முட்டை, பாலாடைக்கட்டி, ஆலிவ் எல்லாம் இருக்குன்னு பதிவாகியிருக்கு. நீங்களே குறையில்லைன்னு சொல்லியிருக்கீங்க" என்றார் நிஹாத்.

"உங்கம்மா வீட்டுக்கு வந்தவங்ககிட்ட வேற என்ன சொல்லுவாங்க, உஸ்தாத்?"

அவர் பட்டியலைப் பார்த்தார். மறு கணக்கெடுப்பு ஆறு மாதம் கழித்துத்தான், தன் கையில் எதுவுமில்லை என்றார்.

"அதுவரைக்கும் பிள்ளைங்க வயித்துக்கு லீவு விட்ருவோமா?" என்றாள் பள்ளச் சந்து ரஸ்மியா. அவள் பெயர் பட்டியலில் இருந்தது.

இந்திசாருக்கு அவமானத்தில் உடல் கூசியது. முதலில் தட்டு வைத்தவள் அவள்தானே. வேலை மேலங்கியைக் கழற்றிவிட்டுக் கிளம்பப் போனாள். ரஸ்மியா அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மாவு வாங்கும் தன் அட்டையை நிஹாத் மேசைமேல் போட்டாள்.

"மேட்டுச் சந்துலயே அந்தப் பொண்ணு வயிறு நெறஞ்சிருச்சு. எங்க வீட்ல உக்காரக்கூட இல்ல, காலிப் பானைய பாத்துட்டுப் போயிட்டா. அதான் எங்க பேரு தப்பிச்சுது. என் பேரையும் அடிச்சிருங்க."

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பதினாறு அட்டைகள் சேர்ந்தன.

நாளைக்கே வேறு ஆட்களைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று நிஹாத் எச்சரித்தார். வரப்போவது எங்கள் நாத்தனார்கள்தானே, வரட்டும் என்று ரஸ்மியா சிரித்தாள்.

பள்ளிக்கு ரொட்டி போகட்டும், பிள்ளைகள் மேல் கோபமில்லை என்றாள் இந்திசார். வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். பிறகு பதினாறு பேரும் அலுவலக வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். நிஹாத் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசினார், யாரும் எடுக்கவில்லை.

இந்திசார் எழுந்தாள். பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததைச் சொல்ல வாய் வரவில்லை.

"எழுதிக்கங்க, உஸ்தாத். மாசக் கடைசியில என் சின்னது பசியில அழுதுட்டேதான் தூங்குது."

ரஸ்மியா எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"என் வீட்டையும் எழுதுங்க."

மூன்றாமவள் எழுந்தாள். நிஹாத் பேனாவைத் தேடினார்.