அளவக்கா சொன்ன பொய்

உள்ளாடைக் கடையில் திரைக்குப் பின்னால் நின்று அளவெடுப்பது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் அளவக்கா. "வெட்கத்தையெல்லாம் செருப்போட வாசல்லயே விட்டுட்டு வாங்கம்மா" என்று வருகிறவர்களை அதட்டுவாள். வாய் கொஞ்சநஞ்சமில்லை. தன் உடம்பு என்று வந்தபோது மட்டும் அந்த வாய் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ!

மார்பகப் பரிசோதனை முகாமுக்குக் கொழுந்தன் மனைவியையும் அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். வயதில் மூத்தவள் என்பதால் இவளுக்கு மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். சின்னவளை நர்ஸ் கையால் பரிசோதித்துவிட்டு, "ஏதோ தட்டுப்படுது, ஆஸ்பத்திரிக்கு வந்து ஸ்கேன் எடுத்துடுங்க" என்றாள். அடுத்த வாரம் அளவக்காவுக்கும் போன் வந்தது. படத்தில் ஓரிடம் தெளிவாக இல்லையாம், ஸ்கேன் எடுக்க வேண்டுமாம்.

மறுபடியும் யார் யார் முன்னாலோ மேல்துணியைக் கழற்ற வேண்டும். ஏதாவது இருந்து தொலைத்துவிட்டால்? அளவக்கா போகவில்லை. அதோடு விட்டாளா? "போயிட்டு வந்துட்டேன்டி, ஒண்ணுமில்லையாம். சும்மா எல்லாரையும் கூப்பிடறாங்க" என்று சின்னவளிடம் வாய் கூசாமல் சொல்லிவைத்தாள்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய ஒரு நாள் சின்னவள் கடைக்கு வந்தாள்.

"இடப்பக்கம் மட்டும் பிடிக்குதுக்கா. வேற அளவு பாருங்க."

திரையை இழுத்துவிட்டு டேப்பைச் சுற்றிய அளவக்காவின் கை பாதியில் நின்றது. இடது மார்பில் தோல் ஓரிடத்தில் உள்ளே இழுத்தாற்போல் குழிந்திருந்தது.

"ஸ்கேன் எடுத்தியாடி?"

"இல்லக்கா. நீங்கதானே சும்மா கூப்பிடறாங்கன்னு சொன்னீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அளவக்காவுக்கு. அப்போதாவது உண்மையைச் சொன்னாளா? "கிளம்பு, எனக்கும் இன்னொரு தடவை பாக்கணும்" என்று மழுப்பி, முதலாளியிடம் சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அப்பவே கூப்பிட்டோமே, ஏம்மா நீங்க வரவே இல்ல?" என்று அளவக்காவிடம் சத்தமாகவே கேட்டாள்.

சின்னவள் திரும்பி அளவக்காவைப் பார்த்தாள். அளவக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். அளவக்காவுக்கு இருந்தது வெறும் நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். சின்னவளின் படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தார். "ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்கணும். இன்னைக்கே பண்ணிடலாம். முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்றார்.

வெளியே பெஞ்சில் அளவக்கா சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை ரெண்டு அறை அறைஞ்சிடுடி."

"நல்லவேளைக்கா, உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றாள் சின்னவள். மனதாரத்தான் சொன்னாள். திட்டியிருந்தால்கூட அளவக்கா தாங்கியிருப்பாள்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். சின்னவள் எழுந்து, கைப்பையை அவளிடம் நீட்டினாள்.

"நீங்களும் வாங்கக்கா. தனியா போக வெட்கமா இருக்கு."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், பையை வாங்கிக்கொண்டு அளவக்கா அவள் பின்னால் போனாள்.