சொம்பில் சாய்ந்த முகம்

அவன் கன்னத்தில் படிந்த ஆவியை வடிவு முந்தானையால் துடைக்கிறாள், துடைத்த இடத்தில் மறுபடியும் ஆவி படிகிறது, கொஞ்சம் தள்ளித்தான் வையேன் என்கிறான் அவன், தள்ளி வச்சா நீங்க சின்னதாப் போயிருதீங்க என்கிறாள் இவள், தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போனுக்குள் அவள் கணவன் குருநாதன் சம்மணமிட்டுச் சோறு பிசைந்துகொண்டிருக்கிறான், அவன் இருப்பது கடப்பைக்குப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக் குடியிருப்பு, இவள் இருப்பது அம்பாசமுத்திரத்தில், பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில், ஆனாலும் இரண்டு தட்டிலும் தேங்காய்ப்பால் ஊற்றிய சொதிதான், சனிக்கிழமையானால் இரண்டு வீட்டிலும் ஒரே குழம்பு என்பது கல்யாணமான புதிதில் செய்துகொண்ட ஏற்பாடு, மறுவீட்டில் மாப்பிள்ளை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட சொதியை மறக்க முடியாமல் தொடங்கியது, முதல் பால் ஊத்தினப்புறம் கொதிக்க விட்டுராதீங்க, திரிஞ்சிரும் என்று இவள் இங்கே சொல்ல அவன் அங்கே அடுப்பை அணைப்பான், அந்த நேரம் பார்த்துக் குடியிருப்புக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய சரக்கு ரயில் போகும், பேசினால் ஒன்றும் கேட்காது, இருவரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவார்கள், சத்தம் ஓய்ந்ததும் அவன் நிமிர்ந்து, ம், சொல்லு என்பான், அந்த ஒரு சொல்லுக்காகவே பகலெல்லாம் பேச்சைச் சேர்த்து வைத்திருந்த காலம் உண்டு.

ரயில் சத்தம் ஓயவில்லை, ஓயாது, வடிவு இப்போது ஒரு ரயிலுக்குள்தான் இருக்கிறாள், சன்னல் கம்பியில் நெற்றி இடித்து விழித்துக்கொள்கிறாள், காலாண்டு விடுமுறை, மடியில் துணிப்பை, பைக்குள் அம்மா கட்டிக்கொடுத்த இஞ்சிப் பச்சடி, எண்ணெய் கசிந்து மணக்கிறது, எதிர் சீட்டு அம்மாள் எங்கே போகிறாய் என்று தெலுங்கில் கேட்கிறாள், வீட்டுக்காரர் வீட்டுக்கு என்று தமிழில் சொல்லிவிட்டு அந்தச் சொல்லைத் தானே ஒருமுறை உருட்டிப் பார்க்கிறாள், நாற்பதை நெருங்கும்போது, பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு, வந்து வாய்த்த வீட்டுக்காரர், நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை, அப்படியென்றால் இரண்டு நாள்தான் லீவு என்று அவரிடம் ஏன் பொய் சொன்னாய் வடிவு, பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரத்துக்கு மேல் கிடக்கிறதே, ஏனென்றால் ஆனி மாதம், ஏனென்றால் அந்தச் சாயங்காலம்.

கோடை விடுமுறைக்கு அவனிடம் போய்த் திரும்பிய பிறகு நாள் தள்ளிப்போனது, ஒரு நாள், இன்னொரு நாள், யாரிடமும் மூச்சு விடவில்லை, உறுதியானதும் அவனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே பாடம் நடத்தினாள், பிறகு ஒரு மத்தியானம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது, அன்றைக்கும் போன் வந்தது, அன்றைக்கும் சொம்பில் சாய்த்து வைத்தாள், கண்ணீர் அது பாட்டுக்கு வழிகிறது, துடைக்கவில்லை, வேண்டுமென்றே துடைக்கவில்லை, அவன் பார்க்கட்டும், ஏன் அழுதே என்று ஒரு வார்த்தை கேட்கட்டும், அவனோ நேராக இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஆலையில் புதிதாக வந்த அதிகாரி ஊறுகாயைச் சப்பாத்தியில் சுருட்டித் தின்ற கதையைச் சொல்லிச் சிரித்தான், அன்றிலிருந்து அவள் பேச்சு சுருங்கிப்போனது, தலைவலி என்பாள், பரீட்சைத் தாள் என்பாள், பார்த்தும் கேட்காத மனிதனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது, இந்தத் தடவையும் அப்படியே இருந்தால் இரண்டாம் நாளே பெட்டியைத் தூக்கிவிட வேண்டும், அதற்குத்தான் அந்தப் பொய்.

நடைமேடையில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒருவன் கை அசைக்கிறான், யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போகிறாள், வடிவு, இங்க என்கிறான், அட, அவன்தான், இத்தனை மாதமாகப் போனில் பார்த்துப் பழகிய முகத்தில் கண்ணாடி கிடையாது, கல்யாணப் படத்தில் இருக்கிறது, கோடையில்கூட இருந்தது, தினம் பார்த்த முகம் அதையெல்லாம் அழித்துவிட்டிருக்கிறது, ஆட்டோவில் இருவருக்கும் நடுவே பை உட்கார்ந்து வருகிறது, அத்தை சுகமா இருக்காங்களா, இருக்காங்க, மழை உண்டா, இல்லை, அதோடு சரி.

வீட்டில் சொதி ஆயத்தமாக இருக்கிறது, திரியாமல் வந்திருக்கிறது, உருளைக்கிழங்குச் சிப்ஸ்கூட வறுத்து வைத்திருக்கிறான், தரையில் எதிரும் புதிருமாக இரண்டு தட்டு, நடுவே சொம்பு, அவன் உட்கார்ந்தான், பழக்க தோஷம், சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துச் சொம்பில் சாய்த்தான், கண்ணாடியைக் கழற்றி ஊறுகாய் ஜாடி மேல் வைத்தான், பிறகுதான் எதிரே பெண்டாட்டியே உட்கார்ந்திருப்பது உறைத்தது, அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தான்.

கண்ணாடிய எதுக்குக் கழட்டுதீங்க.

நீதானே சொன்ன, கல்யாணமான புதுசுல, கண்ணாடி போட்டா உங்க கண்ணையே காணோம், ரெண்டு டியூப்லைட்டுதான் எரியுதுன்னு. அதுலேர்ந்து போன்ல உங்கூடப் பேசும்போது போடுதது இல்லை.

விளையாட்டாகச் சொன்ன சொல், மறுநாளே மறந்துபோன சொல், வடிவுக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது, அப்ப என்னை எப்படிப் பார்ப்பீங்க என்றாள். எங்க பார்க்க, ஒரு முழத்துக்கு அந்தப்பக்கம் எனக்கு எல்லாம் புகைதான், பச்சையா ஒண்ணு அசைஞ்சா பச்சைச் சேலைன்னு நெனச்சுக்கிடுவேன், குரல் உன் குரல், நீ என்னைப் பார்க்கியே, அது போதாதா.

இத்தனை நாள் அவனுக்கென்று வைத்த பூவும் பொட்டும் எல்லாம் புகை, ஆனியில் வழிந்த கண்ணீரும் புகை, அவன் பார்க்கவே இல்லை, பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான் என்று மாதக்கணக்காக நெஞ்சில் வைத்திருந்த பாரம் எங்கே போனது, கடவுளே, இவ்வளவுதானா, பெண்டாட்டி தன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பெண்டாட்டியைப் பார்ப்பதையே விட்டுக்கொடுத்த மனிதனா இவன், நன்றி என்று எந்த வாயால் சொல்வது, அதைப் போனில் கூடச் சொல்லிப் பழகவில்லையே, அதற்குப் பதிலாக ஆனியைச் சொன்னாள், தள்ளிப்போன நாளை, மத்தியானத்தை, துடைக்காமல் உட்கார்ந்திருந்ததை.

சொல்லி முடிப்பதற்குள் சரக்கு ரயில் வந்துவிட்டது, தரை அதிர்ந்தது, சொம்புத் தண்ணீர் நடுங்கியது, சாய்த்து வைத்த போன் சரிந்து குப்புற விழுந்தது, யாரும் எடுக்கவில்லை, இருவரும் பேசாமல் இருந்தார்கள், போனில் கேட்டபோது இவ்வளவு நீளமான ரயில் என்று தெரியாது, அவன் எச்சில் கையோடு எழுந்து சொம்பைத் தாண்டி இவள் பக்கம் வந்து உட்கார்ந்தான், கடைசிப் பெட்டியும் போனது.

ம், சொல்லு என்றான், தனியாவா தூக்கிச் சுமந்த.

ஒரு வாரத்துக்கு மேல இருப்பேன், ரெண்டு நாள்னு பொய் சொன்னேன் என்றாள் வடிவு, அழுகையும் சிரிப்புமாக.

அவன் இடது கையால் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான், இவள் முகத்தைப் பார்க்கக் குனிந்தான், குனிந்த வேகத்தில் சொதிச் சட்டியின் ஆவி இரண்டு கண்ணாடியையும் மூடிவிட்டது, அட, மறுபடியும் புகை என்கிறான், அசையாம இருங்க என்கிறாள், முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு துடைக்கிறாள், ஒரு பக்கம், பிறகு மறு பக்கம், விரலுக்கு அடியில் என்றைக்கும் போலக் கண்ணாடிதான், ஆனால் அதற்குப் பின்னால் ஈரமாக ஓர் இமை அடித்துக்கொள்கிறது, இப்ப தெரியுதா என்று கேட்கிறாள், தெரியுது என்கிறான், அழுதிருக்கே.