இருபத்தேழாயிரம் கூலும்

“பேய் குடிச்சிடுச்சுன்னு ஜப்பான்காரன்கிட்ட நான் எப்படிச் சொல்றது, பரஞ்சோதி? அவன் பாஷையில பேய்க்கு என்ன வார்த்தைன்னுகூட எனக்குத் தெரியாது லா.”

கேட்டவர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மனோகரன். ஆபீசில் அரைகுறையாக ஜப்பானிய மொழி பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கூலி வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து ஜனங்கள் சொல்வதைத்தான் பரஞ்சோதியும் சொல்லியிருந்தான்.

மலாயாவில் பாடாங் செராய்க்கு உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில், ஜப்பான் ராணுவத்தின் பேட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றுவது பரஞ்சோதியின் வேலை. நான்கு நாளைக்கு முன் ராணுவப் பொறியாளன் ஒருவன் வந்து, பேட்டரிக் கொட்டகைச் சுவரில் புது மீட்டர் ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். ஏறும் மின்சாரத்தை அது கூலும் என்ற அலகில் எண்ணும். தோட்டத்து நோட்டிலோ எல்லாம் ஆம்பியர் மணி. நோட்டையும் கூலுமாக மாற்றி எழுதச் சொல்லியிருந்தான். ஓர் ஆம்பியர் ஒரு வினாடி ஓடினால் ஒரு கூலும். மணிக்கு மூவாயிரத்து அறுநூறு வினாடி. ஆம்பியர் மணியை அந்த மூவாயிரத்து அறுநூறால் பெருக்கினால் முடிந்தது.

பெருக்கியதில்தான் வினை பிறந்தது. ஐந்து ஆம்பியர், ஒன்பதரை மணி நேரம்: நோட்டின்படி ஒரு லட்சத்து எழுபத்தோராயிரம் கூலும். மீட்டர் காட்டியதோ ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம். இருபத்தேழாயிரம் குறைந்தது. மறுநாளும் அதே இருபத்தேழாயிரம். நான்கு நாளும் ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

யாரோ மின்சாரத்தைத் திருடி ஒளித்து வைத்த ரேடியோ கேட்கிறார்கள் என்று பொறியாளன் முடிவு கட்டிவிட்டான். இன்று மத்தியானம் வருவான். அதற்குள் திருடன் கிடைக்காவிட்டால் பரஞ்சோதிக்கு சியாமில் ரயில்பாதை போடும் வேலைதான். இந்தத் தோட்டத்திலிருந்து நாற்பது பேர் அங்கே போயிருந்தார்கள். ஒருவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை.

அந்த நாற்பதில் ஒருவன் அய்யாவு. இதே கொட்டகையில் வேலை பார்த்தவன். அவன் அங்கே செத்துப்போய், பழகின இடம் தேடி வந்து மின்சாரத்தைக் குடிக்கிறான் என்றது லயம். பரஞ்சோதி அதைப் பாதி நம்பினான். மின்சாரம் தரும் எஞ்சின் நின்ற பிறகும் ஆசிட் நெடிக்குள் ஏதோ ஒன்று டிக் டிக்கென்று துடிப்பதை அவனே கேட்டிருக்கிறான். கொட்டகையில் கடிகாரம் கிடையாது.

கிராணி போன பிறகு அவன் கணக்கைத் தலைகீழாகப் போட்டான். இருபத்தேழாயிரத்தை மூவாயிரத்து அறுநூறால் வகுத்தால் ஏழரை ஆம்பியர் மணி. அதை ஐந்து ஆம்பியரால் வகுத்தால் ஒன்றரை மணி நேரம்.

பென்சில் கையிலேயே நின்றது. ஒன்றரை மணி நேரம். ஜப்பான்காரன் வந்ததும் நாட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு முன்னே தள்ளி வைக்கச் சொன்னானே, அதே ஒன்றரை. மின்சாரம் எங்கும் போகவில்லை. யாரோ ஒருவர் இன்னும் பழைய நேரத்தில் இருக்கிறார். சாயங்காலம் எஞ்சினை நிறுத்தி, ஆபீஸ் மணி பார்த்து எழுதுவது அவன். காலையில் விசையைப் போட்டு நேரம் குறிப்பது அய்யாவுவின் மனைவி புஷ்பவள்ளி. அவள் பழைய நேரத்தில் ஏழு என்று எழுதினால் ஆபீசில் அப்போது எட்டரை; ஓடாத ஒன்றரை மணி நோட்டில் ஏறிவிடும்.

அவள் கொட்டகை வாசலில் ஜாடி கழுவிக்கொண்டிருந்தாள். அவன் கேட்டதும் மறைக்கவில்லை. உள்ளே வந்து, தண்ணீர் ஜாடிகளுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு சிகரெட் டின்னை எடுத்தாள். அதற்குள் பழந்துணியில் சுற்றிய பாக்கெட் கடிகாரம் இருந்தது. டிக் டிக். பத்தரை காட்டியது. வெளியே தோட்டத்துக்கு மணி பன்னிரண்டு.

“லோரி ஏறுறப்ப கையில குடுத்தாரு,” என்றாள். “நான் வர்ற வரைக்கும் நிக்கக்கூடாது, முள்ளைத் தொடக்கூடாதுன்னாரு. சாவி மட்டும் குடுக்கிறேன், தம்பி. இது ஓடுறப்ப அவரு மூச்சு விடுற மாதிரியே இருக்கு.”

பரஞ்சோதி அவளிடம் எதையும் ஒளிக்காமல் விளக்கினான். திருட்டே இல்லை என்று காட்ட இந்தக் கடிகாரம் ஒன்றுதான் சாட்சி. ஆனால் பொறியாளன் இதைக் கையில் வாங்கினால் திருப்பித் தரமாட்டான். தந்தாலும் முள்ளைத் தள்ளிவிட்டுத்தான் தருவான். காட்டாவிட்டால் அடுத்த ரயிலில் பரஞ்சோதி சியாமுக்குப் போக வேண்டும்.

அவள் கடிகாரத்தைக் காதோடு வைத்துக்கொண்டாள். யாரோ தூரத்திலிருந்து பேசுவதைக் கேட்பவள்போல அவள் கண்கள் மூடியிருந்தன. பேட்டரிகளில் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. ரப்பர் மரங்களுக்கு நடுவே ராணுவ வண்டியின் சத்தம் கேட்டது. பிறகு வண்டி கொட்டகை வாசலில் நின்றது. கிராணியின் குரலும், பூட்ஸ் சத்தமும்.

புஷ்பவள்ளி கண்ணைத் திறந்தாள்.

“கரண்டை அவருதான் குடிச்சிட்டாருன்னு சொல்லிடுங்க, தம்பி.”