நிறுவை நாள் சுவெட்டர்

வெளியாள் வரும் நாளில் பிள்ளையைக் கந்தலோடு காட்டுவது அந்தத் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளில் யாருக்கும் வழக்கமில்லை. அதனால் பிள்ளைகளுக்குச் சத்துணவு கொடுக்கும் கொழும்பு நிதியத்து ஆட்கள் நிறுவைக்கு வரும்போதெல்லாம், தாய்மார் வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் ஒரு திருவிழாவே நடக்கும். கோயிலுக்குப் போடும் கவுன், சுவெட்டர், சப்பாத்து எல்லாவற்றோடும்தான் பிள்ளைகள் தொங்கு தராசில் ஏறும். எஸ்தர் தன் மகள் ஜெனிற்றாவுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுவெட்டர் மாட்டுவாள். உள்ளே தெரியும் விலா எலும்பு வீட்டோடு இருக்கவேண்டிய விஷயம்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புஷ்பம் ஒருமுறை கேட்டாள். "என்னாடி எஸ்தரு, புள்ளைய நிறுக்க வந்தியா, பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"எலும்பும் தோலுமா தொங்கவிட்டா யாருக்குக்கா மானம் போகும்? ஒங்களுக்குந்தான்."

புஷ்பம் சிரித்துக்கொண்டே முள் நின்ற இடத்தை வாசித்தாள்.

பிள்ளைக் காம்பராவில் நிதியம் கொடுக்கும் முட்டை ஒன்றைத்தான் ஜெனிற்றா முகம் சுளிக்காமல் சாப்பிடுவாள். மலையில் கொழுந்தெடுக்கும்போது, கீழே மகள் அதை உரிக்கும் நேரத்தை நினைத்தாலே எஸ்தருக்கு முதுகுக் கூடை இலேசாகிவிடும்.

இந்த முறை நிதியத்திலிருந்து வந்த நூரியா மேடம் ஒரு பெட்டி நிறையப் பொம்மைகள் கொண்டுவந்திருந்தாள்.

"உங்கட பிள்ளைகள் எல்லாரும் நல்ல நிறைக்கு வந்துட்டாங்க. சந்தோஷம். அதனால முட்டை இந்த மாசத்தோட முடியுது. நிதியம் இனி பிள்ளைகள்ட மனநலத்துக்குத்தான் செலவழிக்கப் போகுது."

தாய்மார் கைதட்டினார்கள். மேடம்மார் பேசி முடித்தால் தட்டிப் பழகிய கைகள். எஸ்தரின் கைகளும் தட்டத் தொடங்கிப் பாதியில் நின்றன.

அவள் ஜெனிற்றாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் மேல் சுவெட்டரைக் கழற்றினாள். பிறகு அடுத்ததை. பிறகு கவுனை. றக்வான மலைக்காற்றில் பிள்ளை வெடவெடத்தது.

"பாருங்க மேடம், இதுதான் எம்புள்ள. வெக்கப்பட்டுக்கிட்டு உடுப்போட நிறுத்துட்டோங்க."

நூரியா பார்த்தாள். இரக்கமுள்ள பெண்தான்; கண் கலங்கிவிட்டது. புஷ்பம் தரையைப் பார்த்தாள்.

"விளங்குது. ஆனா காசெல்லாம் மத்த வேலைக்குப் பிரிச்சாச்சு. இனி என்னால ஒண்ணும் மாத்த ஏலாது."

பின் நூரியா குனிந்து, கவுனையும் இரண்டு சுவெட்டர்களையும் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அவளே மாட்டிவிட்டாள்.

"பாவம், குளிருது பிள்ளைக்கு." ஒரு பொம்மையைக் கையில் கொடுத்து, போனை உயர்த்தினாள்.

படத்தில் ஜெனிற்றா கொழுகொழுவென்று இருந்தாள்.