அத்தான் பக்கத்து பிரேக்

அத்தானோடு சண்டை போடாமல் நான் ஒரு நாளும் கார் ஓட்டியதில்லை. அவர் என் அக்காவின் கணவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனிதர், எனக்குக் கற்றுக்கொடுக்க வந்து வசமாக மாட்டிக்கொண்டார். அவருடைய பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. சிக்னலில் மஞ்சள் விழுந்தால் போதும், நான் யோசிப்பதற்குள் அவர் மிதித்துவிடுவார். "மஞ்சள்னா நிக்கத் தயாராகுன்னு அர்த்தம், விரட்டிக்கிட்டுப் போன்னு இல்ல" என்று தினமும் அதே பாட்டு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அன்று சாயங்காலம் அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. அவ்வப்போது வருவதுதான், இன்ஹேலரை இழுத்தால் அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். அத்தான் போன வாரம்தான் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டோடு இருந்தார். வாசலில் எல் போர்டு மாட்டிய கார் நின்றது. மிச்சம் இருந்தது, ஓட்டப் பாதி தெரிந்த நான்.

"நீங்க பின்னாடி உக்காந்து அக்காவைப் பிடிச்சுக்கோங்க" என்றேன்.

"நீ தனியா ஓட்டக் கூடாது. நான் பக்கத்துல இருக்கணும்."

மனைவி மூச்சுக்குத் தவிக்கும்போதும் சட்டம் பேசுகிற மனுஷனை என்ன செய்வது? அக்காவைப் பின்சீட்டில் சாய்த்து பெல்ட் போட்டுவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். உடம்பைத் திருப்பி, நல்ல கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் சிக்னல் சிவப்பு. கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினேன். பின்னால் அக்காவின் மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. குறுக்கே வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுவில் கொஞ்சம் இடைவெளி தெரிந்தது.

"போயிடவா?"

"வேண்டாம். நீ இடிச்சா மூணு பேரும் போயிடுவோம். ஃபர்ஸ்ட் கியர்ல வெச்சுக்கோ. பதட்டப்படாதே." அவருடைய குரல்தான் நடுங்கியது.

பச்சை விழுந்தது, போனோம். அடுத்த சிக்னல் தூரத்திலேயே பச்சையாகத் தெரிந்தது. பின்னால் விசில் சத்தம் குறைய ஆரம்பித்தது. குறைவது நல்லதில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"போ, போ, நிறுத்தாதே!" என்று அத்தானே கத்தினார்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். கோட்டை நெருங்கிய நேரத்தில் மஞ்சள் விழுந்தது. "போ!" என்று அவர் வாய் கத்திக்கொண்டிருக்கும்போதே கார் குலுங்கி, எஞ்சின் அணைந்து நின்றது.

நான் பிரேக்கைத் தொடவே இல்லை. குனிந்து பார்த்தேன். அவர் கால் அவர் பக்கத்து பிரேக்கைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், யாருடைய காலோ என்பதுபோல. அதற்குள் சிவப்பு விழுந்து, குறுக்கே பஸ்கள் கிளம்பிவிட்டன.

"என்ன பண்ணிட்டீங்க!" என்று அலறினேன். "அவ செத்துட்டிருக்கா!"

"நான் மிதிக்கல. நான் போகத்தானே சொன்னேன்... நான் மிதிக்கல." தொடையில் மாவுக்கட்டால் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இனி கீழ வைக்க மாட்டேன். நீயே ஓட்டு."

அந்தச் சிவப்பு மாறுவதற்குள் நான் வேண்டாத தெய்வம் இல்லை. அக்காவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அத்தான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது சிக்னலைத் தாண்டினால் எதிரே ஆஸ்பத்திரி. வாசல் விளக்கும் போர்டும் பளிச்சென்று தெரிந்தன. நெருங்கும்போது மஞ்சள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். தடுக்க யாரும் இல்லை, ஒரே அழுத்தில் போயிருக்கலாம். ஆனால் கார் நின்றது. கோட்டுக்குப் பின்னால், கச்சிதமாக நின்றது. இந்த முறை மிதித்தது என் கால். அந்த நொடியில் என்னையும் வெறுத்தேன், எனக்குக் கற்றுக்கொடுத்தவரையும் வெறுத்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "சரியாத்தான் நிறுத்தியிருக்கே" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார்.

அழுகையோடு நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தவர் சட்டென்று அழுகையை நிறுத்தினார். எங்களுக்குச் சிவப்பு விழுந்ததும், ரோட்டைக் கடக்கிறவர்களுக்குப் பச்சை மனிதன் எரிந்தது. ஜனங்கள் வரிக்கோடுகளில் இறங்கி நடந்தார்கள்.

"நடக்கிறவங்களுக்கு விட்டுட்டான்!" என்று கதவைத் திறந்து வெறுங்காலோடு குதித்தார். பின்கதவைத் திறந்து, பெல்ட்டை அவிழ்த்து, அக்காவை உப்பு மூட்டை தூக்கினார். அக்கா ஒன்றும் பஞ்சு மூட்டை இல்லை. மாவுக்கட்டுக் கையை அவள் காலுக்கடியில் கொடுத்துக் குனிந்தபடி ஓடினார். பச்சை மனிதன் மினுங்க ஆரம்பித்தான். பாதி ரோட்டில் ஒரு தடவை முழங்கால் மடிந்தது. எழுந்து மறுபடி ஓடினார். என் பின்னால் இருந்த எவனும் ஹாரன் அடிக்கவில்லை.

எனக்குப் பச்சை விழுந்ததும் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டு போனேன். சட்டப்படி தப்புதான், தெரியும்.

உள்ளே போனபோது அக்காவின் முகத்தில் மாஸ்க் மாட்டியிருந்தார்கள். டாக்டர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, கட்டுக்குள்ளிருந்து வெளியே தெரிந்த விரல்களைக் கடித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் டாக்டர், "பரவாயில்ல, மூச்சு திரும்புது" என்றார்.

கண் விழித்த அக்கா, நர்ஸ் தடுத்தும் கேட்காமல் மாஸ்கை விலக்கினாள். "நடுவுல... யாரு பிரேக் போட்டது?"

"நான்தான்க்கா" என்று முந்திக்கொண்டேன்.

"அவ இல்ல" என்றார் அத்தான், தலையைத் தூக்காமல். "நான்தான். உன்னைக் கொல்லப் பார்த்தேன்."

அக்கா மூச்சைச் சேர்த்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாள்லேருந்து பக்கத்துல படுக்கிறேன். தூக்கத்துலகூட மிதிச்சுக்கிட்டேதான் இருப்பீங்க" என்றாள். "அந்தக் காலைக் கொஞ்சம் என் பக்கமா நீட்டுங்க. ரத்தம் வருது பாருங்க."