புதன்கிழமைக்குப் பூஜ்யம்

மிரான் பொய் சொல்கிறாள் என்று எனக்கு உறைத்தது அவள் வீட்டிலேயேதான். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து அவித்த வள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து மத்தியானம் போன் பண்ணேன், எடுக்கலையே?" என்றேன்.

"பல் டாக்டர்கிட்ட இருந்தேன் அக்கா."

அதற்கு முந்திய வியாழனும் பல் டாக்டர். அதற்கும் முந்திய வியாழனும் பல் டாக்டர்தான். நாற்பத்தொரு வயதுக்காரியின் வாயில் அத்தனை பல்லா இருக்கிறது?

என் பெயர் மேங் சுனிம். வயது அறுபது. துறைமுக ஊரான குன்சானில் எங்கள் சபையின் ஆறாம் ஜெபக்குழுவுக்குப் பதினான்கு வருடம் தலைவியாக இருந்தவள். சந்தேகம் என் கூடப் பிறந்தது. மீன்காரி எத்தனை சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். சபையில் என்னுடைய இந்தக் குணத்துக்கு நல்ல மரியாதை இருந்தது, ஏனென்றால் எங்கள் ஊரில் கள்ள உபதேசக்காரர்கள் பெருகிவிட்டார்கள். விசுவாசி மாதிரியே வந்து உட்காருவார்கள், பாட்டுக் குழுவில் சேருவார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்கு எங்களுக்குள் 'அறுவடைக்காரர்' என்று பெயர். அப்படிப்பட்டவர்கள் உள்ளே வரக் கூடாது என்று சபை வாசலில் அறிவிப்பே இருக்கிறது. அதை ஒட்டியவள் நான்.

வசந்தத்தில் உதவிப் பாஸ்டர் ஹா எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார். அவர்களிடம் மாட்டிக்கொண்ட ஒருவரைக் கண்டுபிடிக்க ஏழு அடையாளங்கள். அந்தத் தாளை வீட்டுக் குளிர்பெட்டியில் மாட்டி வைத்தேன். ஒரே கிழமையில் காணாமல் போவது, போனை அணைத்து வைப்பது, உடம்பு மெலிவது, தூக்கமில்லாத கண், இப்படிப் போகும் அந்தப் பட்டியல். மிரானுக்கு ஒவ்வொன்றாகப் பேனாவால் சரி போட்டுக்கொண்டே வந்ததில், கடைசியில் ஒன்றுதான் பாக்கி இருந்தது: மறைத்து வைக்கும் நோட்டுப் புத்தகம்.

இதற்கு நடுவே நாற்பது நாள் அதிகாலை ஜெபம் வேறு. காலை ஐந்து மணிக்கு வருகிறவர்கள் வாசல் பலகையில் தங்கள் பெயருக்கு நேரே சிவப்புப் பொட்டு ஒன்று ஒட்ட வேண்டும். மிரான் பதினொரு நாள் ஒட்டினாள். அதற்கப்புறம் அவள் வரிசை வெறும் வெள்ளை. முழு வருகைக்குக் கொடுக்கும் கொடி ஐந்தாம் குழுவுக்குப் போய்விடுமே என்று எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். அந்த வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, ஜெபம் முடிந்த கையோடு அவளுக்குப் போனில் செய்தி அனுப்பினேன். 'உங்கள் காலி இருக்கையைக் கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.' அனுப்பிய பிறகு, நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று இரண்டு தரம் படித்தும் பார்த்துக்கொண்டேன்.

பல் டாக்டர் கதையைக் கேட்டுவிட்டு, தண்ணீர் எடுக்கிற சாக்கில் அவள் சமையலறைக்குப் போனேன். என் துணைத்தலைவி போக்சுன் பின்னாலேயே வந்து வாசலை மறைத்து நின்றாள். முழங்கால் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்து நடப்பவள்தான், ஆனாலும் இந்த மாதிரி வேலைக்கு முதலில் வருவாள். ஏழு அடையாளங்களை அவளுக்கு மனப்பாடம் செய்வித்தவளே நான்தான்.

சோறு வடிக்கும் மின்பானைக்குப் பின்னால் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. திறந்தேன்.

'திங்கள் 2. செவ்வாய் 3. புதன் 0. வியாழன் 2. மதியம் இரண்டரை, இக்சான், நிலையத்துக்கு எதிரே, மூன்றாம் மாடி.'

"ஆள் பிடிச்ச எண்ணிக்கை அக்கா," என்று போக்சுன் காதில் ஊதினாள். "புதன்கிழமை ஒண்ணும் சிக்கலை போல."

எனக்கும் அப்படித்தான் பட்டது. போனில் படம் எடுத்தேன். வீட்டுக்குப் போகும் வழியிலேயே பாஸ்டர் ஹாவுக்கு அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை மூப்பர் கூட்டம், அதற்குள் இடத்தை உறுதி செய்யுங்கள் என்று பதில் வந்தது.

கூட்டத்தில் பெயர் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிறு ஆராதனையில் பெயரை வாசிப்பார்கள். வாசலில் படம் ஒட்டுவார்கள். கோஜே தீவில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்யும் அவள் புருஷனுக்குப் போன் போகும். போன வருடம் அப்படி ஒரு போனில் ஒரு குடும்பமே உடைந்தது. தெரிந்தும்தான் செய்தேன். ஆட்டைக் காக்கிறேன் என்று நினைப்பு.

வியாழக்கிழமை பக்கத்து ஊரான இக்சானுக்குப் போகும் பேருந்தில் மிரான் முன்னால் உட்கார்ந்திருந்தாள், நான் கடைசி இருக்கையில். வெயிலுக்குப் போடும் அகல விளிம்புத் தொப்பி, மூக்குவரை முகமூடி. எங்கள் ஊரில் அறுபது வயதுப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் வெளியே போகிறோம், எவளையும் எவளும் அடையாளம் காண முடியாது. அவள் இறங்கினாள், நானும் இறங்கினேன். மருந்துக்கடைக்கு மேலே மூன்றாம் மாடிக்கு அவள் ஏறிப் போக, நான் இரண்டு நிமிடம் கழித்து ஏறினேன்.

கதவில் 'மனநல மருத்துவர்' என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. காப்பி வகுப்பு, குணச் சோதனை என்று எந்தப் பெயரில் வேண்டுமானாலும் அவர்கள் கடை விரிப்பார்கள் என்று பாஸ்டர் சொல்லித்தானே இருந்தார். உள்ளே ஐந்தாறு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் நேரே சுவரில் மாட்டியிருந்த சான்றிதழுக்குப் போய் முத்திரை நிஜமா என்று உற்றுப் பார்த்தேன்.

"அக்கா, முகமூடியைக் கழட்டுங்க. மூச்சு முட்டப்போவுது."

மிரான் ஓரத்து நாற்காலியில் இருந்தாள்.

"பஸ்லயே பாத்துட்டேன். அந்தப் பச்சைத் தொப்பி சபைச் சுற்றுலாவுக்குக் குடுத்தது. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "இங்க என்ன பாடம் நடத்துறாங்க?"

"பாடமா? மாத்திரை குடுக்குறாங்க."

"நோட்டுல எண்ணிக்கை எழுதி வச்சிருக்கியே, அது என்ன?"

அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கைப்பையிலிருந்து அந்த நீல நோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"தூங்குன மணிநேரம் அக்கா. டாக்டர் எழுதச் சொன்னாரு. எட்டு மாசமா எழுதுறேன்."

திங்கள் இரண்டு. செவ்வாய் மூன்று. ஆள்கள் இல்லை, மணிகள்.

"புதன் பூஜ்யமா?" என்றேன்.

"அன்னிக்கு விடியக்காலை ஆத்துப் பாலத்துக்குப் போயிட்டேன். உங்க மெசேஜை அங்க நின்னுதான் படிச்சேன்."

"எந்த மெசேஜ்?"

"காலி இருக்கை."

உள்ளே யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு வயதானவர் எழுந்து போனார்.

"அப்புறம்?"

"அப்புறம் மழை வந்துருச்சு. குடை எடுத்துட்டுப் போகல. நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வந்துட்டேன்."

பதினான்கு வருடம் மைக் பிடித்து ஜெபம் பண்ணிய வாய் எனக்கு. அந்த இடத்தில் வார்த்தை கோணலாகத்தான் வந்தது. "நீ பாட்டுக் குழுவுல பாடுறவ. விசுவாசிக்கு எப்படி இது வரும்?"

"சூரைச்செடிக்குக் கீழ படுத்துக்கிட்டு, போதும், என் உயிரை எடுத்துக்கோன்னு கர்த்தர்கிட்ட கேட்டாரே அந்தத் தீர்க்கதரிசி, அவரு விசுவாசி இல்லையா? தூதன் வந்து அவரை அதட்டலையே அக்கா. அப்பத்தைக் குடுத்துத் தூங்க விட்டான். முழிச்சதும் மறுபடி குடுத்தான்."

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இருபது வருடம் நானே சொன்ன கதை. அப்பத்தைச் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதர் தூங்கியதை ஒரு தரம்கூடச் சொன்னதில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றேன். "நீ கள்ள உபதேசத்துல விழுந்துட்டேன்னு நான் நினைச்சது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நினைச்சுட்டுப் போங்கன்னு விட்டுட்டேன்."

"ஏன் மிரான்?"

"ரெண்டு வருஷம் முன்னாடி நம்ம குழுவுல ஒரு விதவை இருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? காலையில எந்திரிக்கவே முடியலைன்னு அழுதாங்க. கர்த்தருக்கு நூறு நன்றி எழுதிட்டு வான்னு சொன்னீங்க. எழுதலைன்னதும் நாலு பேரைக் கூட்டிட்டு அவங்க வீட்டுக்கே போயி, தலைமேல கை வச்சு ஒரு மணிநேரம் கத்தி ஜெபம் பண்ணோம். நானும்தான் கை வச்சேன். அடுத்த மாசம் அவங்க சபையை விட்டே போயிட்டாங்க." நோட்டை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். "கள்ள உபதேசம்னா என்னை வெரட்டி விடுவீங்க. இதுன்னு தெரிஞ்சா வீட்டுக்கு வந்துருவீங்க."

அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. என் வருகைக்குப் பயந்து ஒருத்தி சபைத் துரோகி என்ற பெயரை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்திருக்கிறாள்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள் குனிந்து, "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா. என் வீட்டுக்காரருக்கே இன்னும் தெரியாது. நானே சொல்லிக்கிறேன், கொஞ்சம் நாளாகட்டும்," என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன்.

வாக்குக் கொடுத்துவிட்டேன், ஆனால் சனிக்கிழமை மூப்பர் கூட்டத்துக்கு இரண்டே நாள். மறுநாள் காலை பாஸ்டர் ஹாவின் அறைக்குப் போனேன். என் மகன் வயதுதான், நல்ல பையன், சுறுசுறுப்பு. அவருடைய சுவரிலும் அந்த ஏழு அடையாளத் தாள் தொங்கியது.

"மிரான் விஷயத்துல நான் பார்த்தது தப்பு பாஸ்டர். கூட்டத்துல வைக்காதீங்க."

"அந்த நோட்டு?"

"அது வேற எண்ணிக்கை. ஆள் இல்ல."

"யாரு சொன்னா?"

அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"அம்மா, போன வாரம் படம் எடுத்து அனுப்புனது நீங்க. இன்னிக்கு அவங்களுக்காகப் பரிஞ்சு பேசுறதும் நீங்க. நேத்து மத்தியானம் மூணு தரம் கூப்பிட்டேன், உங்க போன் அணைஞ்சிருந்துச்சு. எங்க போயிருந்தீங்க?"

"இக்சானுக்கு."

"யாரைப் பார்க்க?"

"அதைச் சொல்ல மாட்டேன் பாஸ்டர்."

அவர் கண் மெதுவாகச் சுவருக்குப் போய்த் திரும்பியது. எனக்கு அந்தப் பார்வை தெரியும். எத்தனை பேரை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

"ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா அம்மா?"

"நேத்து தூங்கல," என்றேன். அது உண்மை. அவர் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி என் பெயரை எழுதினார்.

சாட்சி சொன்னவளே பின்வாங்கிவிட்டதால் மிரான் பெயர் கூட்டத்துக்குப் போகவில்லை. என் பெயர் போனது. ஆறாம் குழு போக்சுன் கைக்கு மாறியது, எனக்கு ஓய்வு தேவையாம். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சாப்பாட்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னாலும் ஓர் ஆள் இடைவெளி, பின்னாலும் ஓர் ஆள் இடைவெளி. பதினான்கு வருடம் நான் கிமிச்சி ஊறுகாய் போட்டுக் கொடுத்த சபை. அழுகை வந்தது. எழுந்து நின்று நடந்ததைச் சொன்னால் இரண்டே நிமிடத்தில் எல்லாருடைய வாயையும் அடைத்துவிடலாம் என்றும் தோன்றியது. மூன்றாவது மேசையில் மிரான் தலை குனிந்து சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அரிசிக் கஞ்சியைச் சூடு தாங்கும் குடுவையில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். பேருந்து நிறுத்தத்திலேயே அவளிடம் கொடுத்தேன். ஜெபக் குறிப்பு எதுவும் கூட இல்லை, கஞ்சி மட்டும்தான். அவள் வாங்கிக்கொண்டு, "உப்பு போட்டீங்களா?" என்றாள். போட்டேன் என்றேன். பேருந்தில் ஏறி முன்னும் பின்னுமாகத் தனித்தனியே உட்கார்ந்தோம்.

நகர எல்லை தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். பழக்கதோஷம். கடைசி இருக்கையில் பச்சைத் தொப்பி, முகமூடி. முகம் தெரியவில்லை. ஆனால் ஒரு கால் மட்டும் மடங்காமல் இருக்கைகளுக்கு நடுவே வழியில் நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் யார் பின்னால் வருகிறாள் என்று எனக்குத் தெரியும், என் பின்னால்தான். மூன்றாம் மாடிவரை வந்தால் மிரானையும் பார்த்துவிடுவாள். போனை எடுத்து மிரானுக்கு எழுதினேன். 'திரும்பாதே. நான் முந்தின நிறுத்தத்தில் இறங்குகிறேன். நீ வழக்கம்போல் போ.' இந்தத் தடவை அனுப்பியதை இரண்டாம் தரம் படிக்கவில்லை.

சந்தை நிறுத்தத்தில் நன்றாகச் சத்தம் போட்டு, "இறங்கணும், இறங்கணும்" என்று இறங்கினேன். பின்னால் காலை இழுத்துக்கொண்டு போக்சுனும் இறங்கினாள். பேருந்து மிரானோடு நிலையத்தைப் பார்த்துப் போனது. நான் காய்கறிப் பக்கம் நுழைந்து கருவாட்டுப் பக்கம் வெளியே வந்தேன். துணிக்கடையில் நின்றேன். சந்துக்குள் போய், யாருக்கோ காத்திருப்பவள் மாதிரி கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணிநேரம் அந்தத் தேய்ந்த முழங்காலை இக்சான் சந்தை முழுக்க இழுத்தடித்தேன், பாவம். நான் பழக்கியவள் அல்லவா, சளைக்கவே இல்லை. இடையில் தூணுக்குப் பின்னால் நின்று என்னைப் படம் எடுத்தாள். முகமூடியைக் கழற்றிவிட்டு நன்றாகத் தெரியும்படி நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை மிரானிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. நீல நோட்டின் பக்கம். கீழே கடைசி வரியில், 'வியாழன் 5.'