தலைக்கு அறுநூறு

...அப்படியென்றால் தலைக்கு அறுநூறு, ஒரு நாளைக்கு, காலை மதியம் இரவு மூன்று வேளையும் சேர்த்து, நடுவில் ஒரு ஜூஸோ ஐஸ்கிரீமோ ஏதோ ஒன்று, பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் பாதி, முந்நூறு, ஆக நான், அவர், பெரியவள், மூன்று பேருக்கு ஆயிரத்து எண்ணூறு, சின்னவள் வாலுவுக்கு முந்நூறு, மொத்தம் இரண்டாயிரத்து நூறு, மூன்று நாளுக்கு ஆறாயிரத்து முந்நூறு... சரிதான், மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், கூட்டலில் எனக்குத் தப்பு வராது, ஆல்டரேஷன் கடையில் பதினோரு வருஷமாக அரை அங்குலம் கால் அங்குலம் என்று கூட்டிக் கழித்தே கண் போனவள் நான். இந்த ரிசார்ட்டின் வரவேற்பறை சோபா உட்கார்ந்த ஆளை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கிறது, எழுந்திருக்க ஒருத்தர் கை கொடுக்க வேண்டும் போல, மடியில் கைப்பையை வைத்து அதன் மேல் அந்த வழவழப்பான மடிப்புத் தாளை வைத்து ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன், பேனா வழுக்குகிறது, கையிலிருக்கும் டோக்கன் நாற்பத்தொன்று, பலகையில் முப்பத்தாறு, இன்னும் ஐந்து பேர், அதற்குள் முடிவு செய்தாக வேண்டும், அறைச் சாவி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டுமாம், அப்புறம் காலில் விழுந்தாலும் கிடையாதாம், ஓர் அறையில் தங்குகிற எல்லாரும் இந்தச் சாப்பாட்டுத் திட்டத்தில் சேர வேண்டுமாம், ஒருவரை மட்டும் விட முடியாதாம். ஒருவரை மட்டும் விட முடியாது. அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுத்து மாறிவிடப் போகிற மாதிரி.

திட்டம் வேண்டாம், அவ்வப்போது காசு கொடுத்துச் சாப்பிடலாம் என்றால்? காலைக்கு நூற்றைம்பது, மதியத்துக்கு இருநூற்றைம்பது, இரவுக்கு முந்நூறு, அந்த ஜூஸ் அறுபது, கொள்ளை, ஒரு பழத்தைப் பிழிந்து ஊற்ற அறுபதா, ஆனால் வேறு வழி கிடையாது, வெளிச்சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள், வாசலில் காவலாளி என் பைக்குள் கையை விட்டு ரஸ்க் பாக்கெட்டையும் நான்கு ஆப்பிளையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார், "போகும்போது வாங்கிக்கங்கம்மா" என்றார், ஆப்பிளையா, மூன்று நாள் கழித்தா, பெரியவள் கடைசியாக என் கண்முன்னால் மென்று விழுங்கியது அதே மாதிரி ஓர் ஆப்பிளைத்தான், பாதி, போன வியாழக்கிழமை... சரி, கணக்கு, கணக்குக்கு வா. ஆளுக்கு எழுநூற்று அறுபது, மூன்று பேர், வாலுவுக்குப் பாதி, மூன்று நாள், ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. திட்டம் போட்டால் ஆயிரத்து அறுநூற்று எண்பது மிச்சம். எவ்வளவு சுலபம், கண்ணை மூடிக்கொண்டு போடலாம், எல்லாரும் சாப்பிட்டால். எல்லாரும் சாப்பிட்டால் என்று எழுதி அதை அடித்துவிட்டேன், அடித்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. அவளை விட்டுவிட்டுப் போட்டால், அதாவது அவள் மூன்று நாளும் ஒன்றுமே தொடவில்லை என்றால், எங்கள் மூன்று பேருக்கு ஐயாயிரத்து எழுநூறுதான் ஆகும், திட்டத்துக்கு ஆறாயிரத்து முந்நூறு, நஷ்டம் அறுநூறு. மூன்றால் வகுத்தால் இருநூறு. ஒரு நாளைக்கு இருநூறுக்கு அவள் சாப்பிட்டுவிட்டால் போதும், நஷ்டம் இல்லை. ஒரு மதியச் சாப்பாடுகூட இல்லை அது. ஒரு மதியச் சாப்பாட்டில் கடைசி நான்கு வாயை மிச்சம் வைத்தால்கூடச் சரியாகப் போய்விடும். அவ்வளவுதான் நான் கேட்பது, யாரிடம் கேட்கிறேன் என்றுதான் தெரியவில்லை.

"அம்மா, அக்காவோட ஐஸ்கிரீமையும் நானே சாப்பிடலாமா?" என்று வாலு என் தோளில் தொங்குகிறாள், எட்டு வயது, காலையிலிருந்து இரண்டு பாக்கெட் பிஸ்கட்டைக் காலி பண்ணியிருக்கிறாள், இவளுக்கு வயிறா கிணறா என்று அவர் கிண்டல் பண்ணுவார். ஒரு கணம் நானும் அதைத் தாளில் தேடுகிறேன், ஒருத்தி பங்கை இன்னொருத்தி சாப்பிடலாமா, கீழே பொடி எழுத்தில் இருக்கிறது, பங்கு மாற்ற அனுமதி இல்லை, கையில் கட்டும் பட்டையைப் பார்த்துத்தான் தட்டே தருவார்களாம். "சும்மா இருடி" என்றால் வாலு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மீன்தொட்டிக்கு ஓடுகிறாள், அங்கேதான் பெரியவள் இருக்கிறாள், தூணோடு தூணாக ஒட்டி, இந்த வெயிலில் கம்பளிச் சட்டை, கழுத்துவரை ஜிப், கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு விரல் நுனி மட்டும் தெரிகிற மாதிரி, மீனைப் பார்க்கிறாளா கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறாளா... இந்த வருஷம் அவள் பள்ளிக்கூடப் பாவாடையை மூன்று தடவை பிடித்துத் தைத்தேன், முதல் தடவை எனக்குச் சந்தோஷம்கூட, பிள்ளை உயரம் போடுகிறாள், அதான் இடுப்பு ஒடுங்குகிறது என்று வாடிக்கைக்காரிகளிடம் சொல்வதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன், இரண்டாம் தடவை நூலைப் பல்லால் கடிக்கும்போது என்னவோ உறுத்தியது, மூன்றாம் தடவை பாவாடைப் பையை வெளியே திருப்பினால் காகிதக் கைக்குட்டையில் சுற்றிய ரொட்டித் துண்டு, காய்ந்து கல்லாகி, ஓரத்தில் முட்டையின் மஞ்சள், அந்த வாரம் ஒரு காலையில் நான் எதிரே உட்கார்ந்து காவல் காத்துச் சாப்பிட வைத்தேன் என்று நினைத்தேனே, அந்தத் துண்டு. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் இடுப்பு அளக்கிறவள், உன் வீட்டுக்குள் நடமாடுகிற இடுப்பு உன் கண்ணில் படவில்லையா? நாலாவது தடவை தைக்க மனசு வரவில்லை, ஊக்கு குத்திக் கொடுத்தேன்.

டாக்டரம்மா நல்லவர்தான், திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "சாப்பிடு சாப்பிடுன்னு பின்னாடியே போகாதீங்க, அவ வேணும்னு பண்ணல, இது ஒரு நோய்" என்றார், அப்புறம் பேனாவை மூடிக்கொண்டே, "புதன்கிழமை வாங்க, இதே நிலைமைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துடலாம், தள்ளிப் போட வேண்டாம்" என்றார். இன்றைக்கு ஞாயிறு. புதனுக்குள் மூன்று நாள், இங்கேயும் மூன்று நாள், அப்படித்தான் இந்தப் பைத்தியக்கார யோசனை வந்தது எனக்கு, போன வருஷம் பெரியவள் இந்த ரிசார்ட்டுக்குள் இருக்கிற தண்ணீர்ப் பூங்காவின் விளம்பரப் படத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாள், அந்தப் பெரிய தண்ணீர்ச் சறுக்கு, அதில் கையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்கள், நாள் முழுக்க ஆடி ஓடித் திரிந்தால் பசிக்காமல் இருக்குமா, பசி என்பது உடம்பில் எங்கேயாவது ஒளிந்துதானே இருக்கும், ஓடவிட்டால் வெளியே வந்துவிடாதா... போன் அடிக்கிறது, அவர், வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருக்கிறார். "என்ன, போட்டுட்டியா?" "இன்னும் நம்பர் வரலைங்க." "அதுல யோசிக்க என்ன இருக்கு? கணக்கு வந்தா போடு, வரலைன்னா விடு." "அவ சாப்பிட்டா வரும்." அந்தப் பக்கம் யாரோ விசில் ஊதி, வா வா என்று வேறொரு வண்டியைப் பின்னால் அழைக்கிறார்கள். லிப்ட் மெக்கானிக் அவர், எது நின்றாலும் எங்கேயோ ஓர் ஒயர் விட்டுப்போயிருக்கிறது, பார்த்துச் சொருகினால் ஓடும் என்று நம்புகிற மனுஷன், நான்கு மாதமாக இது வயசுக் கோளாறு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். "சாப்பிடுவா, இங்க வந்துட்டு யாரு சாப்பிடாம இருப்பா?" என்கிறார் அழுத்தமாக, வைத்துவிட்டார் என்று நினைத்தேன், வைக்கவில்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாப்பிடுவா... இல்ல?" என்கிறார். என்னிடம் கேட்டால்? என்னைக் கேட்டால் நான் யாரைக் கேட்பது? "நம்பர் வந்துடுச்சுங்க" என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன், சொன்ன வாய் மூடவில்லை, பலகையில் நாற்பத்தொன்று, நடுவில் இரண்டு மூன்று பேர் எழுந்தே போய்விட்டார்கள் போல, நான் இன்னும் எதையும் முடிவு பண்ணவில்லை, சோபா வேறு விட மாட்டேன் என்கிறது.

கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து இருக்கும், பூசினாற்போல் உடம்பு, நல்ல சிரிப்பு, சட்டைத் தோள்பட்டை அளவு தப்பு, அரை அங்குலம் இறங்கியிருக்கிறது, என் கண் போகிற போக்கைப் பார். பிள்ளைகள் இரண்டு பேரும் என் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள், அவள் எட்டிப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே சொன்னாள், "ரெண்டு பெரியவங்க, ரெண்டு சின்னவங்க, சாப்பாட்டுத் திட்டம் சேர்த்து மூணு நாளுக்கு ஐயாயிரத்து நானூறு, போட்டுடலாமா மேடம்?" ஐயாயிரத்து நானூறா... இரண்டு சின்னவர்களா... பெரியவளைப் பன்னிரண்டுக்குக் கீழே என்று நினைத்துவிட்டாள், பதினைந்து வயதுப் பெண்ணை, கழுத்துவரை ஜிப் போட்டு நிற்கிற என் மகளை. நான் பதறியிருக்க வேண்டும், பதறவும் செய்தேன், ஆனால் அதற்கு முன்னால், ஒரு நொடி முன்னால், யாரிடம் போய் இதைச் சொல்வேன், என் மண்டை தானாகக் கணக்கைப் போட்டது, ஐயாயிரத்து எழுநூறில் ஐயாயிரத்து நானூறு போனால் முந்நூறு மிச்சம், அவள் ஒரு பருக்கைகூடத் தொடாவிட்டாலும் மிச்சம், என் கை பைக்குள் பணத்தைத் தேடிப் போய்விட்டது, தலையை ஆட்டினால் போதும், இனிமேல் அவள் தட்டைப் பார்த்து மனசுக்குள் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம், யாருக்கும் நஷ்டம் இல்லை... அப்போதுதான் பெரியவளைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். நான்கு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு, பள்ளியில் முதல் பரிசு வாங்கிக்கொண்டு வந்தபோது சிரித்த அதே சிரிப்பு, கன்னத்தில் சதை இல்லாததால் பல் மட்டும் பெரிதாகத் தெரிகிற சிரிப்பு, தன்னைச் சின்னவள் என்று ஒருத்தி சொல்லிவிட்டாள் என்று.

"அவளுக்குப் பதினஞ்சு" என்றேன். என் குரல் எனக்கே அதிகப்படியாகக் கேட்டது, பக்கத்துக் கவுன்டரில் நின்ற ஆள் திரும்பினார். "யாருக்கு மேடம்?" "இவளுக்கு. பெரியவளுக்கு. பதினஞ்சு முடிஞ்சுடுச்சு." அந்தப் பெண் மறுபடி எட்டிப் பார்த்தாள், மேலிருந்து கீழே, அப்புறம் நல்ல மனசோடுதான், உண்மையிலேயே நல்ல மனசோடுதான் சொன்னாள், "சாரி மேடம், பார்த்தா தெரியவே இல்ல, குடுத்து வச்சவ, நாங்கல்லாம் காத்தைக் குடிச்சாலும் ஏறுது." பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள், காது நுனி சிவந்துவிட்டது, வெட்கத்தில் இல்லை, எனக்குத் தெரியும், இந்த ஒரு வார்த்தையை இவள் மடித்துப் பத்திரமாக வைத்துக்கொள்வாள், நான் அறுபது ஆப்பிளை நறுக்கி நீட்டினாலும் இந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் நிற்காது, அந்தக் கவுன்டரைத் தாண்டிப் போய் அவள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது, நீ என்ன சொல்லிவிட்டாய் தெரியுமா, தெரியாது, அவளுக்கு எப்படித் தெரியும், பெற்ற எனக்கே மூன்றாவது தையல்வரை தெரியவில்லையே. "அப்படின்னா மூணு பெரியவங்க ஆயிடும், ஆறாயிரத்து முந்நூறு, பரவாயில்லையா?" என்றாள். அவர் வந்துவிட்டார், இரண்டு தோளிலும் பைகளோடு மூச்சு வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தார். "போடுங்க, மூணு பேரும் பெரியவங்கதான்" என்றேன். பணத்தை எண்ணும்போது நோட்டு ஒட்டிக்கொண்டு இரண்டு தடவை தப்பாகிவிட்டது, அவர்தான் வாங்கி எண்ணிக் கொடுத்தார்.

அறைக்குப் போகிற நடை முடிவதாக இல்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், கீழே சத்தமே வராத கம்பளம், வாலு ஒவ்வொரு கதவின் எண்ணையும் கத்திப் படித்துக்கொண்டே முன்னால் ஓடுகிறாள், அவர் அவள் பின்னால், "ஓடாதடி, விழுந்து வைக்காத" என்று, நான் மெதுவாகத்தான் நடக்கிறேன், ஏன் என்றால் பெரியவள் என் பக்கத்தில் நடக்கிறாள், இப்போதெல்லாம் எனக்குப் பத்தடி பின்னால்தான் வருவாள், இன்றைக்கு என் முழங்கையில் அவள் சட்டை உரசுகிறது. திட்டப் போகிறாளா, எதற்கு என் வயதைச் சொன்னாய் என்று, திட்டட்டும், பேசினால் போதும். "அம்மா" என்றாள். "ம்?" "நான் ஒரு நாளைக்கு இருநூறுக்குச் சாப்பிட்டா போதும்ல? நஷ்டம் ஆகாதுல்ல?" நான் நின்றுவிட்டேன். அந்தத் தாளை நான் அவளிடம் காட்டவே இல்லை, என் கைப்பைக்குள் நான்காக மடித்துக் கிடக்கிறது, சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் பார்த்து அவளே போட்டிருக்கிறாள், மீன்தொட்டிப் பக்கம் நின்று, மனசுக்குள்ளேயே, இருநூறு வர வேண்டுமென்றால் முதலில் என்ன செய்ய வேண்டும், எனக்குத் தெரியும், அவளை முழுசாக விட்டுவிட்டு மற்ற மூன்று பேருக்குப் போட வேண்டும், அப்போதுதான் அந்த இருநூறு வரும். ஆமாம் என்றால் காசுக்காக விழுங்குவாளா, விழுங்கிவிட்டு எங்கே போய் என்ன செய்வாள், இல்லை என்றால் விடுதலை என்று நினைத்துக்கொள்வாளா... அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறாள், உதடு லேசாக அசைகிறது, இன்னும் எதையோ கூட்டுகிறாள் அல்லது கழிக்கிறாள், தூரத்தில் வாலு நம் கதவு நம் கதவு என்று குதிக்கிறாள், நானோ வேறொன்றைத்தான் நினைத்துக்கொண்டு நிற்கிறேன், இந்தக் கணக்கில் அவளை முதலில் விட்டுவிட்டுப் போட்டது யார், அவளா, நானா.